செவிக்கு எட்டாத தமிழாக்கம்: கணிப்பொறி இடைமுகங்களும் மொழிபெயர்ப்பாளர் கடமையும்

கணிப்பொறியின் திரையில் தோன்றும் பட்டியல், பொத்தான், படிவம், அறிவிப்பு ஆகியவற்றின் தொகுதி இடைமுகம் எனப்படும். அதனை உடற்குறையுடையோர் உள்ளிட்ட அனைவரும் பயன்படுத்துமாறு அமைத்தல் பொறியாளர் பணி என்றே பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளது. தமிழைப் பொறுத்தவரை அப்பணியின் ஒரு பகுதி இலக்கணத்தைச் சார்ந்தது. ஆதலின் மொழிபெயர்ப்பாளரையும் சார்ந்தது. தமிழாக்கப்பட்ட இடைமுகங்கள் பலவற்றில் இவ்வுண்மை உணரப்படவில்லை. அவை கண்ணுக்கென்றே ஆக்கப்பட்டவையாக உள்ளன.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறையுடையோர் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். இவர்களுள் கணிப்பொறியையும் கைப்பேசியையும் கையாள்வோர் பலர்க்குத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளே துணை. திரையிலுள்ள எழுத்தை அது பேச்சாகவோ பிரெயில் எழுத்தாகவோ மாற்றித் தருகிறது. மின்னணு ஊடகச் செய்திகள் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் அமைவதற்கு அரசு ஆவன செய்தல் வேண்டும் என 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு கூறுகிறது. வலைத்தளங்களுக்கான அனைத்துலக அணுகல் நெறிமுறைகள் 1999இல் முதன்முதலாக வெளிவந்தன, அவற்றின் 2.2ஆம் பதிப்பு 2023இல் வெளியாயிற்று. இவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்கே உரிய இடர்ப்பாடுகளைக் கண்டறிதல் தமிழறிந்தார் கடன். அவற்றுள் மூன்று இங்கு ஆராயப்படுகின்றன.

1. வினையின் இடம்

ஆங்கில ஏவல் தொடரில் வினை முதலில் நிற்கும்; தமிழில் அது இறுதியில் நிற்கும். 'கோப்பைத் திற', 'கோப்பைச் சேமி', 'கோப்பை நீக்கு' என்னும் மூன்றையும் கண்ணால் காண்போர் ஒரே நோக்கில் வேறுபடுத்துவர். செவியால் அறிவோர் மும்முறையும் 'கோப்பை' என்பதனைக் கேட்ட பின்னரே செயலை அறிகின்றனர். பல பட்டியல்களில் முதலெழுத்தை அழுத்தி உரிய இடத்தை அடைய இயலும். எல்லாம் 'கோ' எனத் தொடங்கின் அவ்வசதியும் பயனற்றுப் போகும். 'கோப்பு' என்னும் தலைப்பின்கீழ்த் 'திற', 'சேமி', 'நீக்கு' என அமைப்பின் இக்குறை நீங்கும். தமிழின் இயல்பும் கெடாது.

2. உருபும் வெற்றிடமும்

அறிவிப்புத் தொடர்களில் பெயருக்கு ஒரு வெற்றிடம் விட்டு, அதனையடுத்து வேற்றுமை உருபை எழுதிவிடுவது வழக்கமாகியுள்ளது. பொறி அவ்விடத்தில் பெயரை நிரப்புங்கால் 'படம்ஐ', 'நாடுஇல்' போன்ற வடிவங்கள் பிறக்கின்றன. 'படத்தை' என்பதில் சாரியை வேண்டும். 'நாட்டில்' என்பதில் ஒற்று இரட்டிக்க வேண்டும். 'மதுரையில்' என்பதில் உடம்படுமெய் வேண்டும். இவற்றைப் பொறி அறியாது. கண்ணால் படிப்போர் பிழையை மனத்தில் திருத்திக்கொண்டு மேற்செல்வர். பேச்சாகக் கேட்போர்க்கோ அது பொருளற்ற ஒலியாகவே எட்டும். 'சேமித்த இடம்: மதுரை' என்பதுபோல் வெற்றிடத்தை எழுவாய் வடிவில் நிறுத்தும் தொடரே தக்கது. மொழிபெயர்ப்பாளர் சொல்லை மட்டுமன்றித் தொடரின் கட்டமைப்பையும் மாற்ற உரிமை பெறுதல் இதற்கு இன்றியமையாதது.

3. எழுத்தும் ஒலியும்

தமிழில் வல்லின எழுத்து இடம் நோக்கி ஒலி வேறுபடும். தமிழ்ச் சொற்களில் இதற்கு விதி உண்டு. கடன்சொற்களில் அவ்விதி செல்லாது. 'பேக்கப்' என எழுதியதனை, விதியை மட்டும் பின்பற்றும் ஒலிப்பொறி வல்லொலியுடனேயே தொடங்கும். ஆங்கிலச் சொல்லை முன்னரே அறிந்தவர்க்கும் அது அயற்சொல்லாக ஒலிக்கும். 'காப்புப்படி' என்பதில் இவ்விடர் இல்லை. ஆகவே தமிழ்க் கலைச்சொல்லை நாடுவது தூய்மைப் பற்றினால் மட்டும் எழுவதன்று. அதற்கு அணுகல் நோக்கிலும் காரணம் உண்டு. எனினும் அருஞ்சொல்லாக்கமும் ஒரு தடையே. தமிழ் விக்கிப்பீடியாவில் வழங்கும் 'புகுபதிகை' செறிவான ஆக்கம். ஆனால் புதிதாக வருவோர்க்கும் கல்வி குறைந்தோர்க்கும் 'உள்நுழை' என்பதே எளிதில் விளங்கும். செவிக்குத் தெளிவும் பொருளுக்கு எளிமையும் ஒருங்கே அமைந்த சொல்லே கொள்ளத்தக்கது.

ஒருங்குறி பரவுவதற்கு முன், திரையில் தமிழாகத் தோன்றிய உரை பல எழுத்துருக்களில் பொறியைப் பொறுத்தவரை உரோமன் எழுத்துக் குவியலாகவே இருந்தது. அன்று குறியேற்றத்தில் நேர்ந்த பிழை இன்று தொடரமைப்பில் நேர்கிறது. முன்னதைப் பொறியாளர் களைந்தனர். பின்னதை மொழிபெயர்ப்பாளரே களைய வேண்டும். ஓய்வூதியப் படிவத்தை நிரப்பும் பார்வையற்ற முதியவர் ஒருவர் 'சேமி' என்பதற்கு மாறாக 'நீக்கு' என்பதை அழுத்திவிடின், அப்பிழை அவருடையதன்று. தமிழாக்கம் முற்றுப்பெற்றது எனக் கொள்வதற்கு முன் அதனைத் திரைவாசிப்பானின் வழியே ஒருமுறை கேட்டறிதல் மொழிபெயர்ப்புப் பணியின் இறுதிப் படிநிலையாக ஏற்கப்படுதல் வேண்டும்.