பக்தாதின் நினைவுச்சின்னங்கள்: நினைவும் பணிவும்

தலைநகரங்களைக் காணச் செல்வோருக்கென எழுதப்படும் வழிகாட்டி நூல்களில் ‘காண வேண்டியவை’ என்றொரு பட்டியல் தவறாமல் இடம்பெறும். பக்தாதுக்கும் அத்தகைய பட்டியல் உண்டு. தஹ்ரீர் சதுக்கத்தின் சுதந்திரச் சின்னம், கர்ராதாவின் கஹ்ரமானா சிலை, நீலக் குவிமாடம் இரண்டாகப் பிளந்து நிற்கும் ஷஹீதுகள் நினைவகம், வாளேந்திய கரங்களாலான வெற்றி வளைவு என்று அது நீளும். பட்டியலில் இவை அருகருகே அமைதியாக இருக்கின்றன. ஆனால் நகரத்தில் இவை ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே நிற்கின்றன. அந்த மறுப்பைக் கவனிக்காத வரையில், பக்தாதின் சிற்பங்களைப் புகழ்வதும் எளிது, பழிப்பதும் எளிது.

நம்மிடையே இவ்விரு எளிய வழிகளும் வழக்கத்தில் உள்ளன. உருவச்சிலை என்ற சொல்லைக் கேட்டவுடன் பேச்சை முடித்துக்கொள்வோர் ஒரு சாரார். முஸ்லிம் நாடொன்றின் கலை என்பதற்காகவே அனைத்தையும் பெருமையுடன் ஏற்றுக்கொள்வோர் மறு சாரார். உருவம் பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆராய்வது உலமாக்களின் துறை; இக்கட்டுரை அதனுள் நுழையவில்லை. ஆயினும் அத்தீர்ப்பின் பின்னுள்ள ஓர் எச்சரிக்கை கலை விமர்சனத்துக்கும் உரியதே. நூஹ் அத்தியாயத்தில் வத்து, ஸுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ர் என ஐந்து பெயர்கள் வருகின்றன. இவர்கள் அச்சமூகத்தின் நல்லோர் என்றும், இறந்தபின் இவர்களை நினைவுகூரவே சின்னங்கள் நிறுத்தப்பட்டன என்றும், அவை எதற்காக நின்றன என்ற அறிவு மறைந்த தலைமுறையில் அவையே வணங்கப்பட்டன என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம் கூறுகிறது. நினைவு, பணிவாகத் திரிந்த வரலாறு அது. ஆகவே எந்தத் தலைநகரின் சின்னத்தின் முன்னும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இது நம்மை நினைக்கச் செய்கிறதா, பணியச் செய்கிறதா?

762ஆம் ஆண்டில் கலீஃபா அல்மன்சூர் அடித்தளமிட்ட நகரம் பக்தாத். அப்பாசியர் காலத்து நினைவு பெரிதும் கட்டடங்களில்தான் தங்கியது. 1233இல் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவின் செங்கல் வேலைப்பாடும், ஸுமுர்ருத் காத்தூன் அடக்கவிடத்தின் அடுக்கடுக்கான கூம்புக் கோபுரமும் இன்றும் அதற்குச் சான்று. உருவம் அறவே இல்லாமலும் இல்லை. 1237இல் அல்ஹரீரியின் மகாமாத்துக்கு ஓவியம் தீட்டிய யஹ்யா அல்வாஸிதீ, சந்தையையும் பயணக் கூட்டத்தையும் பள்ளிவாசலையும் நூலகத்தையும் தம் ஏடுகளில் வரைந்தார். அவர் ஏடுகளை நிறைத்திருப்போர் எளிய மக்கள். 1951இல் பக்தாத் நவீனக் கலைக் குழுவைத் தொடங்கிய ஜவாத் ஸலீமும் ஷாகிர் ஹஸன் அல்சஈதும் இந்த வாஸிதீயைத்தான் தம் முன்னோராகக் கொண்டனர். மரபைப் படியெடுக்காமல் அதிலிருந்து உந்துதல் பெறுவதே அவர்கள் கொள்கை.

அக்கொள்கையின் பெரும்பயன் சுதந்திரச் சின்னம். 1958 ஜூலை 14 புரட்சிக்குப் பின், அப்துல் கரீம் காஸிமின் அரசு அதனை அமைக்கும் பணியை ஜவாத் ஸலீமிடம் ஒப்படைத்தது. கட்டடக் கலைஞர் ரிஃப்அத் சாதிர்ஜி சுமார் 50 மீட்டர் நீளமுள்ள பலகை போன்ற சுவரொன்றைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தினார். பேரணியில் ஏந்திச் செல்லும் பதாகை போன்ற தோற்றம் அதற்கு. அதன்மீது 14 வெண்கலத் தொகுதிகள் அமைந்தன. அரபு வரியைப் போல வலமிருந்து இடமாக அதனைப் படிக்க வேண்டும். திமிறும் குதிரையும் கிளர்ந்தெழும் மக்களும் முதலில் வருகின்றனர். இறந்த மகனைத் தழுவி அழும் தாயும், சிறைக்குள் துடிக்கும் கைதியும் அடுத்து. நடுவில் கம்பிகளை உடைத்துப் பாயும் வீரன். அவனைத் தாண்டியதும் சுடரேந்திய பெண், இரு நதிகள், உழவர், காளை, தொழிலாளி. பக்தாத் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜவாத் ஸலீம் அங்கே பயின்ற சுமேரிய, அசீரியச் சிற்ப மொழியும், பாரிஸ், ரோம், லண்டன் நகரங்களில் கற்ற புதுமையும் இங்கே பிரிக்க இயலாதபடி ஒன்றாகின்றன.

இச்சின்னத்தில் இல்லாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். காஸிமின் உருவம் இதில் எங்கும் இல்லை. அது இடம்பெற வேண்டுமென்ற விருப்பம் தெரிவிக்கப்பட்டதாகவும், சிற்பி அதற்கு இணங்கவில்லை என்றும் சொல்லப்படுகிறது. அப்பணியின் சுமைக்கிடையே 1961 ஜனவரியில் மாரடைப்பால் அவர் மறைந்தார். அதே ஆண்டு ஜூலையில் சின்னம் திறக்கப்பட்டபோது அவர் அதைக் காணவில்லை.

குறையற்ற படைப்பா அது என்றால், இல்லை என்பதே என் கருத்து. வலப்பாதியில் உடல்கள் முறுகி, கிழிந்து, ஓலமிடுகின்றன. இடப்பாதியின் நிறைவு அந்த அளவுக்கு நம்பச் செய்யவில்லை. செல்வமும் உழைப்பும் அமைதியும் அங்கே குறியீடுகளாகவே நின்றுவிடுகின்றன. துன்பத்தை அறிந்த கை, இன்பத்தைக் கற்பனை செய்ய நேர்ந்த இடம் அது. 1963இல் காஸிம் கொல்லப்பட்டதும் அதன் பின்னர் ஈராக் கண்டவையும் அந்த இடப்பாதியை இன்னும் எட்டாத் தொலைவுக்குக் கொண்டு சென்றன.

ஃபிர்தவ்ஸ் சதுக்கத்தின் கதை இதற்கு நேர்மாறானது. 1959இல் சாதிர்ஜி அங்கே பெயரறியா வீரனுக்கு ஒரு சின்னம் அமைத்தார். பழைய கிஸ்ரா வளைவை நினைவூட்டும் எளிய வளைவு அது; உருவம் ஏதுமில்லை; எந்தத் தாயும் அதன் கீழ் நின்று தன் மகனை நினைக்கலாம். 1982இல் அது இடிக்கப்பட்டது. அதே சதுக்கத்தில் 2002இல் சதாம் ஹுசைனின் 65ஆம் பிறந்தநாளையொட்டி அவரது பெருஞ்சிலை நின்றது. ஓராண்டுக்குள், 2003 ஏப்ரல் 9 அன்று, அமெரிக்கப் படையின் வாகனம் அதை இழுத்து வீழ்த்தியதை உலகம் தொலைக்காட்சியில் கண்டது. சிலை வீழ்ந்ததைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். வளைவு இடிக்கப்பட்டதைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலரே. என் நோக்கில் அந்தச் சதுக்கத்தின் பேரிழப்பு 1982இல் நிகழ்ந்தது.

ஷஹீதுகள் நினைவகத்தை மதிப்பிடுவது கடினம். சிற்பி இஸ்மாயீல் ஃபத்தாஹும் கட்டடக் கலைஞர் ஸாமான் கமாலும் உருவாக்கிய அது 1983இல் திறக்கப்பட்டது. 190 மீட்டர் விட்டமுள்ள வட்டமேடையின்மீது, 40 மீட்டர் உயரமான நீல ஓடு பதித்த குவிமாடம் செங்குத்தாகப் பிளந்து, இரு பாதிகளும் ஒன்றைவிட்டு ஒன்று சற்றே விலகி நிற்கின்றன. சுற்றி நடப்பவருக்கு அது ஒரு கோணத்தில் மூடியும் மறுகோணத்தில் திறந்தும் தெரியும். நம் கண் பள்ளிவாசலில் பழகிய முழுமையான வடிவம் குவிமாடம். அது பிளவுண்டு நிற்பதைக் காணும்போது, இறப்பு ஒரு வீட்டுக்குச் செய்வது என்ன என்பதை விளக்கச் சொற்கள் வேண்டியதில்லை. வடிவத்தால் இது பக்தாதின் மிக உயர்ந்த நவீனப் படைப்பு. ஆனால் 1980இல் தொடங்கிய ஈரான் போர் 1988இல்தான் ஓய்ந்தது. மாண்டவர்க்கு நினைவகம் திறந்த பின்னும் ஐந்தாண்டுகள் மக்களை மாளவிட்டது அந்த அரசு. இவ்வளவு அழகிய துயரம், துயரத்தை நிறுத்தும் கடமையை மறக்கச் செய்ததா என்ற ஐயம் எழாமல் இராது. எனினும் கட்டளையிட்டவரின் முகம் அவ்வடிவில் இல்லாததால், இன்று அது மாண்டவர்க்கே உரியதாக நிற்கிறது.

வெற்றி வளைவுக்கு அந்த மன்னிப்பு இல்லை. 1989இல் திறக்கப்பட்ட இதில், தரையைப் பிளந்தெழும் இரு முன்கைகள் வாள்களை ஏந்தி, சுமார் 40 மீட்டர் உயரத்தில் குறுக்கிடுகின்றன. அணிவகுப்புத் திடலின் இருமுனைகளிலும் இவ்வாறு ஒவ்வோர் இணை. கைகள் சதாமின் கைகளிலிருந்தே அச்செடுக்கப்பட்டவை. மாண்ட ஈராக்கிய வீரர்களின் ஆயுதங்களை உருக்கியதில் வாள்கள் பிறந்தன. அடியில் வலைகளிலிருந்து சிந்திக் கிடந்தவை ஈரானிய வீரர்களின் தலைக்கவசங்கள், ஏறத்தாழ 5,000. அதற்கு இடப்பட்ட பெயர் ‘காதிஸிய்யா வாள்கள்’. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) தலைமையில் சாசானியரை எதிர்த்து நடந்த போரின் பெயரை, கலிமா சொல்லும் இரு நாட்டு மக்கள் ஒருவரையொருவர் கொன்ற போருக்குச் சூட்டியது கலைப் பிழை மட்டுமன்று. வரலாற்றின்மீது நிகழ்த்திய அத்துமீறல். இந்தச் சின்னத்தில் இறந்தோர் இருக்கின்றனர், ஆனால் கச்சாப் பொருளாக மட்டுமே. நினைவு ஒருவனின் கையாகச் சுருங்கியபோது, மற்றவர் அதன் கீழே அணிவகுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வேதனைக்குரியது, இதனை வடித்த கைகளும் பெரிய கைகளே. வடிவமைத்த காலித் அல்ரஹ்ஹால் 1987இல் மறைந்தபின் பணியை நிறைவேற்றியவர் முஹம்மத் கனீ ஹிக்மத். சுதந்திரச் சின்னத்தில் ஜவாத் ஸலீமுக்குத் துணைநின்றவர் அவர். அலிபாபா கதையில் ஜாடிகளில் எண்ணெய் ஊற்றும் பெண்ணைக் கஹ்ரமானா என்னும் நீரூற்றாக்கி நகரத்தைச் சிரிக்க வைத்தவரும் அவரே. கொடுங்கோன்மையின் கீழ் வாழாத நாம் அவரை எளிதில் கண்டிக்க இயலாது. ஆனால் திறமை மட்டும் ஒரு சின்னத்தைக் காப்பதில்லை என்பதற்கு அவரது இரு படைப்புகளே சாட்சி.

2007இல் வாள்களை அகற்றும் வேலை தொடங்கி, எதிர்ப்பினால் நின்றது. 2011இல் அவை சீரமைக்கப்பட்டன. அகற்றாமல் விட்டது சரியே என்று நான் கருதுகிறேன். 2005இல் நகரை நிறுவிய அல்மன்சூரின் சிலையைக் குண்டுவைத்துத் தகர்த்தவர்களும் நினைவைத் தூய்மை செய்வதாகத்தான் எண்ணியிருப்பர். வாள்கள் நிற்கட்டும். ஆனால் எவருடைய எலும்பின்மீது அவை நிற்கின்றன என்பதை அறிந்தவர் கண்ணுக்கு முன் நிற்கட்டும். அறிவு மறைந்தபோதுதானே நூஹ் சமூகத்தின் சின்னங்கள் தெய்வங்களாயின!

2019 அக்டோபரில் வேலையும் நேர்மையான ஆட்சியும் கேட்டு எழுந்த ஈராக்கிய இளைஞர்கள் வாள்களின் கீழ் கூடவில்லை. தஹ்ரீர் சதுக்கத்தில், ஜவாத் ஸலீமின் வெண்கலப் பதாகையின் கீழேதான் கூடினர். அவர்களுள் பலர் அங்கிருந்து வீடு திரும்பவில்லை. வலப்பாதியின் அழும் தாய்க்கு மேலும் தோழியர் சேர்ந்தனர். இடப்பாதியின் உழவனும் தொழிலாளியும் அந்தத் தாய்மாருக்கு இன்னும் பதில் சொல்லாமலே நிற்கின்றனர்.