88-ஆம் இடத்து நயம்

உடலில் புது ரத்தக் குழாய்களை முளைக்கச் செய்யும் வளர்ச்சிக் காரணிகளில் தலையாயது வி.ஈ.ஜி.எஃப்-ஏ. ஆய்வகத்தில் சுருக்கமாக ‘வெஜ்எஃப்’ என்பார்கள். மனிதரின் வெஜ்எஃப்பில் அமினோ அமிலங்களை வரிசையாக எண்ணிக்கொண்டே போனால் 88-ஆவதாக வருவது கிளைசின். சுண்டெலியின் வெஜ்எஃப்பில் அதற்கு நேரான இடத்தில் செரின். வித்தியாசம் எவ்வளவு என்று கொஞ்சம் நின்று பாருங்கள். அமினோ அமிலங்களுக்குப் பக்கக் கிளை ஒன்று உண்டு. கிளைசினுக்கோ கிளை என்று சொல்ல ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான். செரினில் அந்த இடத்தில் ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், அவற்றை ஒட்டிய சில ஹைட்ரஜன்கள். அவ்வளவே. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய இந்த அணுக்களை உணர்ந்து, மனித வெஜ்எஃப்பை இறுகப் பற்றி, சுண்டெலியின் வெஜ்எஃப்பை ஏறிட்டும் பாராமல் விலகிப்போகும் எதிர்ப்பொருள் ஒன்று இருக்கிறது. அதற்கு ஏ.4.6.1 என்று பெயர். பெயரில் எழில் இல்லைதான்; பெயரை விட்டுவிடுவோம்.

அது பற்றும் இடத்தின் வடிவழகை முதலில் பார்க்க வேண்டும். வெஜ்எஃப் தனித்து இருப்பதில்லை. ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள், ஒரே பாயில் தலைமாடு கால்மாடாக மாறிப் படுத்த இரட்டைக் குழந்தைகள்போல, இரண்டு கந்தகப் பிணைப்புகளால் கோக்கப்பட்டுக் கிடக்கின்றன. அதனால் ஒரு கோடியில் காணும் முகமே மறு கோடியிலும் தெரியும். ரத்தக் குழாய்ச் செல்களின் ஏற்பிகளைத் தொட்டு ‘வளர்’ என்று சொல்வது இந்த இரு கோடிகளும்தான். எதிர்ப்பொருள் வந்து அமர்வதும் அங்கேயே. இதன் மனிதமயமாக்கிய வடிவத்தை வெஜ்எஃப்போடு சேர்த்துப் படிகமாக்கி, எக்ஸ் கதிரில் பார்த்த முடிவுகள் 1998-இல் வெளியாயின. எதிர்ப்பொருளின் ஒரு கையின் நுனியில் ஆறு மெல்லிய வளையங்கள்: அதன் கனச் சங்கிலியிலிருந்து மூன்று, லேசான சங்கிலியிலிருந்து மூன்று. ஆனால் இங்கே பிடியின் பெரும்பகுதி கனச் சங்கிலியின் வளையங்களுடையது. அவை நளினமாகக் குவிந்து, கிளைசினை நெருக்கமாக அணைத்துக்கொள்கின்றன. அந்த அணைப்பில் செரினின் கூடுதல் அணுக்களுக்கு இடமே மிச்சமில்லை. நயம் அந்த இடமின்மையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இவ்வளவு கூர்மை எங்கிருந்து வந்தது? 1989-இல் ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியோனே ஃபெராராவும் உடன் உழைத்தவர்களும் மாட்டின் பிட்யூட்டரிச் செல்களை வளர்த்த திரவத்திலிருந்து வெஜ்எஃப்பைப் பிரித்தெடுத்தார்கள். மனித வெஜ்எஃப்புக்கு எதிரான எதிர்ப்பொருள்கள், ஏ.4.6.1 உட்பட, 1992-இல் வெளிவந்தன. வழிமுறை, 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் காட்டியது: சுண்டெலிக்கு மனிதப் புரதத்தைச் செலுத்தி, அதன் மண்ணீரல் செல்களைச் சாகாமல் பெருகும் புற்றுச் செல்களோடு இணைத்து, ஒற்றைச் செல்லின் வழிவந்த கூட்டத்தைப் பிரித்து வளர்ப்பது. சுண்டெலியின் நோய் எதிர்ப்பாற்றல் தன்னுடையதைத் தீண்டாமல் விடப் பழகியது. அதன் வெஜ்எஃப்பும் நம்முடையதும் பெரும்பாலும் ஒன்றே. ஆக, அந்நியமாகப் படக்கூடிய சின்னஞ்சிறு இடங்களில்தான் அதன் பார்வை பதிய முடியும். தன்னிடம் கிளை இருக்கும் இடத்தில் இன்னொருவரிடம் வெறுமை இருப்பதை அந்தச் சிற்றுயிர் கண்டுபிடித்திருக்கிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இந்த இடம் அலுப்பதில்லை.

1993-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இந்தக் குணத்தை அழகாகக் கையாண்டது. மனிதப் புற்றுச் செல்களைச் சுண்டெலிகளின் உடலில் வளரவிட்டு, ஏ.4.6.1-ஐச் செலுத்தினார்கள். கட்டிகளின் வளர்ச்சி தணிந்தது. அதே செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது எதிர்ப்பொருளால் அவற்றுக்கு ஒரு குறையும் நேரவில்லை. செல்லை அது தாக்கவில்லை; செல்லுக்குச் சோறும் காற்றும் கொண்டுவர வேண்டிய குழாயைத்தான் முளைக்கவிடவில்லை. மேலும், மனிதக் கட்டி சுரந்த வெஜ்எஃப்பை மட்டுமே அது பிடித்தது, சுண்டெலி சுரந்ததை அல்ல. எனவே கட்டியே தனக்கான குழாய்களை வரவழைக்கிறது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் துலங்கியது.

இனி ஆய்வகத்து அன்றாடம்: ஒரு மாதிரியில் வெஜ்எஃப் எவ்வளவு என்று எதிர்ப்பொருள்களால் அளப்பது. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் பிளேட். குழியின் அடியில் முதல் எதிர்ப்பொருளைப் பூசி இரவு முழுதும் குளிரில் வைக்கிறார்கள். மிச்சமுள்ள வெற்றிடங்களை மாட்டின் ஆல்புமினால் மூடுகிறார்கள். பிறகு மாதிரி, வெஜ்எஃப் இருந்தால் சிக்கிக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவலில் போய்விடும். மேலே இரண்டாவது எதிர்ப்பொருள், பயோட்டினைச் சுமந்து வருகிறது. அடுத்து, பயோட்டினை விடாப்பிடியாகப் பற்றும், மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து வரும் ஸ்ட்ரெப்டவிடின், அதன் தோளில் குதிரைமுள்ளங்கி வேரில் கிடைக்கும் நொதி. கடைசியில் நிறமற்ற திரவத்தை ஊற்றியதும் குழிகளில் நீலம் மலர்கிறது, சிலவற்றில் ஆழமாக, சிலவற்றில் சாயல் மட்டும். அமிலத் துளி பட்டதும் நீலம் பளீரென மஞ்சளாகிறது. 450 நானோமீட்டர் ஒளியில் அளவு படிக்கிறார்கள். சுண்டெலி, மாடு, ஒரு மண் பாக்டீரியா, ஒரு வேர் எல்லாம் ஒரு குழியில் கூடி மனித மூலக்கூறு ஒன்றைத் தேடுகின்றன. அகப்படுவது பிகோகிராம் கணக்கில். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு.

கருவி இத்தனை நுண்ணியது என்பதால் ரத்தம் எடுப்பவர் கையிலும் பக்குவம் வேண்டியிருக்கிறது. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம்மிடமுள்ள வெஜ்எஃப்பைக் கொட்டிவிடும். ஆகவே ஒரே ஆளின் ரத்தம் உறைந்தபின் பிரியும் சீரத்தில் கிடைக்கும் எண், உறையவிடாமல் பிரிக்கும் பிளாஸ்மாவில் கிடைப்பதைவிட உயர்ந்து நிற்கும். எதிர்ப்பொருள் பிழை செய்யவில்லை, இருப்பதைச் சொல்கிறது.

ஏ.4.6.1-இன் பற்றும் வளையங்களை மனித எதிர்ப்பொருளின் உடலில் பொருத்தி உருவாக்கியதுதான் பெவசிஸுமாப். 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. அதை ஏற்றிக்கொண்டவரின் ரத்தத்தைச் சோதிக்கும்போதுதான் இந்தக் கதையின் மிக நுட்பமான திருப்பம். ஏ.4.6.1 பற்ற வேண்டிய முகத்தில் மருந்து முன்பே உட்கார்ந்திருக்கிறது. தன் வழிவந்ததிடமே அது இடத்தை இழக்கிறது. ஆகவே கட்டுறாத வெஜ்எஃப்பை மட்டுமே அதனால் எண்ண முடியும். வேறு பக்கத்தைப் பற்றும் எதிர்ப்பொருளோ மருந்தோடு பிணைந்ததையும் சேர்த்து எண்ணும். மருந்தின் தொடக்க ஆய்வுகளில் முதல் எண் சரிந்தது, இரண்டாவது ஏறியது. பிணைந்த வெஜ்எஃப் ரத்தத்தைவிட்டு மெல்லவே நீங்குவதால் அப்படி. அதனால் வெஜ்எஃப் பற்றிய கட்டுரை எது கிடைத்தாலும், அட்டவணைக்குப் போகுமுன் செய்முறைப் பகுதியைப் புரட்டி, எந்த எதிர்ப்பொருளால் அளந்தார்கள் என்று தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.