பெயரற்ற கொலைஞனும் முத்தநாதனும்

துப்பறியும் கதை என்றதும் முகஞ்சுளிப்போர் தமிழாசிரியருள் பலர். ஆயினும் சிராங்கூன் சாலைக் கடைகளில் மாணவர் விரும்பிப் புரட்டுவன அந்நூல்களே. விலக்குவதினும் வேறுபாடு காட்டுவதே நம் கடன். அதற்கு ஏற்றதொரு நாவல், பிரெடெரிக் ஃபோர்சைத் 1971இல் வெளியிட்ட 'தி டே ஆஃப் தி ஜாக்கல்'.

அல்ஜீரியா 1962இல் விடுதலை பெற்றதைப் பொறாத பிரெஞ்சுத் தீவிரக் குழுவினர், அதிபர் டி காலைக் கொல்ல ஆங்கிலேயன் ஒருவனை அமர்த்துகின்றனர். கூலி 5 இலட்சம் டாலர், பாதி முன்பணம். டி கால் 1970இல் இயற்கையாகவே இறந்தவர். முயற்சி தோற்கும் எனத் தெரிந்தும், தொடங்கிய நூலை வாசகன் முடிக்காமல் விடுவதில்லை. எவ்வாறு நிகழும் என்பதிலேயே சுவை பிறக்கின்றது. விடியவிடியக் கூத்துப் பார்த்த நம் முன்னோர்க்கு இது புதிதன்று. கர்ணன் மடிவான் என அறிந்தே அவர்கள் அமர்ந்திருந்தனர்.

இதனருகே பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை வைத்துப் பார்த்தல் வேண்டும். போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசி, புத்தகக் கட்டினுள் கத்தியை மறைத்துத் திருக்கோவலூர் அரண்மனைக்குள் புகுகின்றான். வேடத்தின் உண்மை நமக்குத் தெரியும், அரசர்க்குத் தெரியாது. ஃபோர்சைத்தின் உத்தியும் இதுவே. இறந்த குழந்தையொன்றின் பெயரில் கடவுச்சீட்டுப் பெறுவது முதல், காலிழந்த முதிய போர்வீரனாக ஊன்றுகோலில் துப்பாக்கியை மறைத்து வருவது வரை யாவற்றையும் நாம் உடனிருந்து காண்கின்றோம்.

ஆனால், முத்தநாதனிடம் பகை உண்டு; ஜாக்கலிடம் அஃது இல்லை. பகை ஒருவருடையது, கை வேறொருவனுடையது. முத்தநாதனின் வேடத்தைக் களைந்தால் உள்ளே ஒரு மன்னன் இருக்கின்றான். இவன் வேடங்களைக் களைந்தால் எஞ்சுவது யாதுமில்லை. பிணம் கிடைத்தும் பெயர் கிடைக்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் முகமூடியைக் கிழித்து, தங்கைக்கு நேர்ந்த கொடுமையைக் காரணம் காட்டும் நம் மாத நாவலாசிரியர்க்கு இத்துணிவு வாய்ப்பதரிது. (ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை எதுவெனக் கல்கி அறுதியிட்டு உரையாமை நினைவுக்கு வருகின்றது.)

குறையும் ஈண்டே உள்ளது. வழியில் ஜாக்கலால் மடிவோரை ஃபோர்சைத் விரைந்து கடந்துவிடுகின்றார். நாமும் அவன் செயல்திறத்தில் மயங்கி, எல்லைச் சாவடியை அவன் தாண்டிவிட வேண்டுமே என்று எண்ணத் தொடங்குகின்றோம். சேக்கிழார் நம்மை அவ்வாறு விடவில்லை. குத்துண்டு வீழ்ந்த மெய்ப்பொருளார், வாளோங்கிய தத்தனைத் தடுத்து, கொலைஞனைக் காத்துக் கொண்டுபோய் விடுமாறு பணிக்கின்றார். அவன் இடையூறின்றிப் போனான் என்னும் செய்தி வரும்வரை உயிரைத் தாங்கிக் கிடக்கின்றார். தொடக்கக் கல்லூரி மாணவரிடம் இவ்விரண்டையும் கொடுத்து, எவ்விடத்தில் கொலைஞன் பக்கம் சாய்ந்தீர் என வினவிப் பார்க்கலாம்.