திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை

மத்தேயு நற்செய்தியில் மட்டுமே (20:1-16) வரும் உவமை இது. விடியலில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் தோட்ட உரிமையாளர் ஒரே கூலி தருகிறார். பிந்தி மனந்திரும்பியவருக்கும் விண்ணரசில் இடமுண்டு என்பது வழக்கமான விளக்கம். அது தவறன்று, ஆனால் கூலியை மறந்துவிடுகிறது. ஒரு தெனாரியம் அன்றைய ஒருநாள் கூலி, வீட்டில் அடுப்பெரியும் பணம்.

போடிநாயக்கனூரிலிருந்து அதிகாலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போவோருக்கு இது சொல்லாமலே விளங்கும். காய்ப்பறிப்பு ஓய்ந்தால் ஆள்தேவை குறையும். வேலையில்லாமல் நிற்பவர் சோம்பேறி அல்லர். உவமையில் நின்றவர்களும் தங்களை யாரும் அழைக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். நாள் முழுதும் வெயிலில் உழைத்தவர்களின் முணுமுணுப்பைப் பொறாமை என்று பிரசங்கங்கள் அவசரமாகத் தள்ளிவிடுகின்றன. அதிலும் நியாயம் உண்டு. ஆயினும் பேசிய கூலியில் அவர்களுக்குக் காசு குறையவில்லை.

இன்னொன்று: கூலி கொடுக்க மேற்பார்வையாளர் இருக்கிறார். ஆள் தேடி ஐந்து முறை சந்தைவெளிக்கு வருவதோ உரிமையாளரே.