வீதிக்கு முதுகு காட்டும் அங்காடிகள்

காரைக்காலில் கடையும் வீதியும் பிரிந்தவை அல்ல. வணிகன் பரமதத்தன் தன் கடையிலிருந்து இல்லத்துக்கு அனுப்பிய இரு மாங்கனிகளே காரைக்கால் அம்மையாரின் வாழ்வைத் திருப்பியதாகப் பெரியபுராணம் கூறும். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவில், மாடிகளில் நிற்போர் இன்றும் கீழே திரண்டோரை நோக்கிக் கனிகளை வீசுகின்றனர். மஸ்தான் சாஹிபு வலியுல்லாஹ் தர்காவின் கந்தூரி ஊர்வலமும் நகர வீதிகளிலேயே வலம் வருகிறது.

திண்ணையும் தாழ்வாரமும் திறந்த மாடமும் கொண்ட பழைய கட்டடங்கள் இவற்றுக்கு இடமளித்தன. அவை இருந்த இடத்தில் எழும் புதிய வணிகக் கட்டடங்கள் பலவும் குளிர்சாதன வசதியை முன்னிட்டு முகப்பைக் கண்ணாடியால் அடைத்துவிடுகின்றன. உள்ளே வசதி பெருகுகிறது. வெளியே நிழலும் இருக்கையும் மறைகின்றன. வாங்க வருபவனுக்கு இடமுண்டு, வழிநடப்பவனுக்கு இல்லை.

வணிகம் ஊருக்குக் கடன்பட்டது என்பதை இஸ்லாமிய நகரமரபும் உணர்ந்திருந்தது. இஸ்தான்பூலின் பெருஞ்சந்தை, அயா சோபியா பள்ளிவாசலின் வக்ஃபுக்கு வருவாய் தேடித்தர 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் இரண்டாம் முஹம்மது தொடங்கியதே.

எனவே நாம் மறுப்பது நவீன அங்காடியை அன்று. உள்ளே எத்துணைப் புதுமையும் செய்யலாம். ஆயின் வீதிமட்டத்தில் ஒரு தாழ்வாரம், மேலே ஒரு திறந்த மாடம், அண்டை வீடுகளை மிஞ்சாத உயரம் ஆகிய மூன்றையும் கட்டட அனுமதியின் நிபந்தனைகளாக்குவது நகராட்சியின் கடமையாகும்.