மகரக்கட்டு உடைந்த பிறகு

இளையராஜாவைப் பாடகராக வைத்து அலசப் புகுந்தால், எஸ்.பி.பி.யின் வீச்சு அவரிடம் இல்லை, யேசுதாஸின் கார்வை இல்லை என்ற மறுப்பு உடனே வரும். இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம். கட்டையையும் ஸ்தாயியையும் வைத்து மதிப்பெண் போட்டால் அவர் பின்வரிசைதான். ஆனால் மேடைப் பாட்டுக்கு இன்னொரு கணக்கு உண்டு: கடைசி வரிசையில் நிற்பவன் காதில் சொல் சிதையாமல் விழுந்ததா? அந்தக் கணக்கில் அவருக்கு இணை குறைவு என்பேன். அந்தப் பலம் வந்த இடம் கம்பம் பள்ளத்தாக்கு.

1943இல் அங்குள்ள பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளின் பாடகர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாடியவர். நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து நிற்கும் கூட்டத்துக்கு முன்னால் ஒரு சொல்லை விழுங்கினால் அந்த அடியே வீண். அந்தக் குழுவில் தம்பி ராசய்யா, அதாவது பின்னாளைய இளையராஜா, பாடியது பெண்குரலில். மகரக்கட்டு உடைந்ததும் அந்தக் குரல் போனது. கை ஆர்மோனியத்துக்குப் போனது. குரலை இழந்தவர்கள் மீண்டும் பாட வரும்போது சிக்கனம் கற்றுக்கொண்டு வருகிறார்கள். ரஷ்யாவின் டெனர் பாடகர் செர்கெய் லெமெஷெவ், காசநோயில் ஒரு நுரையீரல் முடங்கிய காலத்திலும் போல்ஷோய் மேடையில் பாடியவர். 70 வயதிலும் லென்ஸ்கி என்ற ஓபரா வேடம் கட்டினார். அவரும் கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

இளையராஜா இசையமைப்பாளர் என்பதால் தனக்குத்தானே பாட்டு கொடுத்துக்கொண்டார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. அவருடைய பெரும்பாலான பாடல்களைப் பாடியவர்கள் மற்றவர்கள். 'தாய் மூகாம்பிகை' (1982) படத்தில் அவர் பாடிய பாடலும் யேசுதாஸுக்கென்று இருந்ததுதான்; மாதிரிக்குப் பாடி வைத்த குரல் அப்படியே நிலைத்தது. கதாநாயகனின் வாயசைப்புக்கு வெளியே, ஊரே பாடுவதுபோல் ஒலிக்க வேண்டிய இடங்களில் அவர் குரல் தனியாகத் தெரிகிறது. 'நாயகன்' (1987) தாலாட்டைக் கேளுங்கள். அடி முடியும் இடத்தில் சங்கதி போட இடமிருந்தும் போடமாட்டார். சொல்லை முடித்து, மூச்சை விட்டு, நகர்ந்துவிடுவார். சங்கதி போட்டிருந்தால் அது கச்சேரி ஆகியிருக்கும், அழுகை போயிருக்கும்.

பயிற்சி போதாத குரல் என்பவர்களுக்கு 'பகல் நிலவு' (1985) போதும். ஜானகியும் அவரும் இரு வேறு மெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பாடும் டூயட் அதில் உண்டு. எதிர்க்குரல் காதில் மோதிக்கொண்டிருக்க, தன் வழியை விடாமல் பிடித்துப் போவது ஓபரா பாடகர்களே ஆண்டுக்கணக்கில் பழகும் வித்தை. எதிரே இருப்பவர் ஜானகி. இளையராஜா ஓரிடத்திலும் வழுக்கவில்லை.