டன் கணக்கில் விலைபோன திறமை

திருச்சியின் தகட்டு வேலைத் தொழிலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது இரண்டில் ஒன்றாக முடிந்துவிடுகிறது. வெல்டிங்கில் திருச்சிக்கு நிகர் இல்லை என்று சிலர் புகழ்வார்கள். பொதுத்துறை நிறுவனமான பெல்லின் ஆர்டர் குறைந்ததால் ஷெட்டுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று சிலர் புலம்புவார்கள். புகழ்கிறவர் கைத்திறனை மட்டும் பார்க்கிறார். புலம்புகிறவர் வரவுசெலவை மட்டும் பார்க்கிறார். துவாக்குடியிலும் அதைச் சுற்றியும் நூற்றுக்கணக்கான ஆன்சிலரி (துணைத்தொழில்) யூனிட்டுகளாகப் பரவிய ஒரு தொழிலை இப்படிப் பாதி பாதியாக மதிப்பிடுவது அதற்குச் செய்யும் நியாயம் ஆகாது. நல்ல வெல்டு போடத் தெரிந்த தொழில் ஏன் நல்ல வியாபாரமாக வளரவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்ல, செய்நேர்த்தியையும் வணிக முறையையும் ஒரே தராசில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

வரலாறு வாசகர் அறிந்ததே. பொன்மலை ரயில்வே பணிமனை 1920களின் இறுதியில் வந்தபோதே தகட்டை வளைத்து ரிவெட் அடிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை இங்கே உருவாகத் தொடங்கியது. 1960களின் நடுவில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்தது. 1975ல் அந்நிறுவனமே வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தையும் அமைத்தது. டிரம், ஹெட்டர், குழாய்ச் சுவர் போன்ற அழுத்தம் தாங்கும் உறுப்புகளைப் பெரும்பாலும் தன்னிடம் வைத்துக்கொண்ட ஆலை, தூண், உத்தரம், டக்ட், நடைமேடை, படிக்கட்டு ஆகியவற்றை வெளியே கொடுத்தது. பின்னால் தெரிந்த பலம், பலவீனம் இரண்டுக்கும் இந்தப் பங்கீட்டில்தான் வேர் இருக்கிறது.

பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சிறியதல்ல. பெரிய அனல்மின் நிலையத்துக் கொதிகலன் தரையில் உட்கார்ந்திருப்பதில்லை. உச்சியிலுள்ள சீலிங் கர்டர்களிலிருந்து தொங்குகிறது. சூடேறும்போது அது கீழ்நோக்கி விரிவடைய இடம் விட்டு, ஆயிரக்கணக்கான டன் எடையை அந்தக் கர்டர்களும் தூண்களும் சுமக்கின்றன. ஒரே தூணின் துண்டுகள் வெவ்வேறு ஷெட்டுகளில் உருவாகி, வட இந்தியாவில் ஏதோ ஒரு சைட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் நிற்க வேண்டும். போல்ட் ஓட்டை கொஞ்சம் தள்ளிப்போனாலும் அங்கே கிரேன் வேலையின்றி நிற்கும், அதற்கும் வாடகை ஓடும். அந்தத் தவறு எந்த ஷெட்டில் நடந்தது என்பதும் தெரிந்துவிடும்.

இதற்குத் தேவைப்படும் ஒழுங்கைத் திருச்சி கற்றுக்கொண்டது. பிளேட்டை வெட்டும் முன்பே அதன் ஹீட் நம்பரை (எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்ணை) ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றிப் பஞ்ச் அடிப்பது, ஈரம் ஏறிய எலெக்ட்ரோடு வெல்டுக்குள் ஹைட்ரஜனைக் கொண்டுபோய் விரிசல் உண்டாக்கும் என்பதால் அதை அடுப்பில் சூடேற்றிப் பிறகே எடுப்பது, வெல்டு சூட்டில் உத்தரம் கோணிப்போகாதபடி எந்தப் பக்கம் முதலில் ஓட்டுவது என்ற வரிசையைக் காப்பது எல்லாம் ஏட்டில் இருக்கும் விதிகள். ஏட்டில் இருப்பதைப் பட்டறையில் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு ஃபிட்டர் யாரும் சொல்லாமலே செய்வது வேறு தரத்துச் சாதனை. 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிமுறைகளும், நிலைக்கு நிலை வந்து நின்ற இன்ஸ்பெக்டர்களும் அந்தப் பழக்கத்தை உருவாக்கினார்கள். அந்த விதிமுறைகளின்படி சோதனை எழுதித் தேறிய திருச்சி வெல்டருக்குச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் வளைகுடா நாடுகளிலும் கிடைக்கும் மதிப்பு, வெளியார் கொடுத்த சான்று. உள்ளூர்ப் பெருமை என்று அதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இதே செய்நேர்த்தியைக் கூர்ந்து பார்த்தால் ஒரு குறையும் தென்படுகிறது. பல ஷெட்டுகளில் வெல்டு கேட்ட அளவைவிடப் பெரிதாக விழுகிறது. வரைபடம் 6 மில்லிமீட்டர் ஃபில்லெட் (மூலை வெல்டு) கேட்டால், ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று 8 போடுவார்கள். ஃபில்லெட்டின் குறுக்குவெட்டுப் பரப்பு கால் நீளத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது: 6க்கு 18 சதுர மில்லிமீட்டர், 8க்கு 32. அதாவது எலெக்ட்ரோடு, மின்சாரம், ஆள் நேரம் எல்லாம் ஏறக்குறைய 78 விழுக்காடு அதிகம். கூடுதல் சூட்டால் கோணலும் அதிகம். அதை நிமிர்த்த மறுபடியும் கேஸ் சூடு, மறுபடியும் கூலி. இன்ஸ்பெக்டர் குறைந்த வெல்டைத் திருப்பி அனுப்புவார், மிகுந்த வெல்டை அனுப்பமாட்டார். ஆகவே இந்த இழப்பு எந்த அறிக்கையிலும் பதிவாவதில்லை. தரத்தைக் காக்கத் தெரிந்த தொழில் தரத்தின் விலையை அளக்கக் கற்கவில்லை. இங்கிருந்துதான் வணிகத்தின் கதை தொடங்குகிறது.

ஆன்சிலரி வேலையில் பெரும்பகுதி ஜாப் ஒர்க். பிளேட் ஆலையுடையது, ஷெட்டுக்கு வருவது ஒரு டன்னுக்கு இவ்வளவு என்ற கூலி. இந்த முறைக்கு இருந்த நியாயத்தை மறைக்கக் கூடாது. பிளேட் வாங்கப் பணம் தேவையில்லை என்பதால் ஒரு கிரேனும் சில வெல்டிங் செட்டுகளும் வைத்திருந்த எளிய மனிதர் முதலாளியாக முடிந்தது. ஸ்டீல் விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர் தூக்கம் கெடவில்லை. பொதுத்துறைக் கொள்முதலில் தணிக்கைக்குப் பதில் சொல்ல எடைமேடைச் சீட்டைவிட எளிய சான்றும் கிடையாது. எடையைப் பற்றி வழக்கு வராது.

வழக்கு வராத அளவுகோல் சரியான அளவுகோலாக இருக்க வேண்டியதில்லை. 6 மில்லிமீட்டர் பிளேட் ஒரு டன் என்றால் சுமார் 21 சதுர மீட்டர். 40 மில்லிமீட்டர் பிளேட் ஒரு டன் வெறும் 3.2 சதுர மீட்டர்தான். முன்னது டக்டாக மாறும்போது மார்க்கிங், வெட்டு, டேக், விறைப்புப் பட்டைகள், நீள நீளமான தையல் வெல்டு, கோணல் நிமிர்த்தல் என்று வேலை பெருகுகிறது. பின்னது உத்தரமாகும்போது, தடித்த பிளேட்டுக்கு வெல்டும் கனமாக வேண்டும் என்பதைக் கழித்துக்கொண்டாலும், சப்மெர்ஜ்டு ஆர்க் மெஷின் நேர்கோட்டில் ஓடி வேலையை முடித்துவிடுகிறது. வகைக்கு வகை ரேட் மாறும் என்பது உண்மை. ஒரே வகைக்குள்ளேயே வரைபடத்துக்கு வரைபடம் வேலையின் அளவு இவ்வளவு மாறுவதை எந்த ரேட் அட்டவணையும் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. விளைவு, கனமான வேலைக்குப் போட்டி, நுணுக்கமான வேலைக்குத் தயக்கம். கையின் திறமையை அதிகம் கேட்கும் வேலையே லாபத்தில் கடைசியில் நின்றது.

டன் ரேட்டின் தீமை அதோடு முடியவில்லை. விலையை வாங்குபவரே டன்னில் சொல்லிவிட்டதால், தன் ஷெட்டில் ஒரு மீட்டர் வெல்டுக்கு என்ன செலவாகிறது என்று கணக்கிடும் அவசியமே முதலாளிக்கு எழவில்லை. பிளேட்டைத் தானே வாங்காததால் கழிவைக் குறைத்துத் துண்டுகளை அடுக்கும் கணக்கும் அவருக்கு வாழ்வா சாவா என்ற கேள்வியாகவில்லை. வரைபடம் மேலிருந்து வந்ததால் வடிவமைப்பு மேசை என்று ஒன்று பெரும்பாலான ஷெட்டுகளில் தோன்றவே இல்லை. செலவுக் கணக்கு, பொருள், வடிவமைப்பு, கைத்திறன் என்ற தொழிலின் நான்கு கால்களில் கைத்திறன் மட்டும் தடித்து வளர்ந்தது.

அதன் பலன் 2010களில் தெரிந்தது. 2014ல் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. தனியார் மின் திட்டங்கள் பல கடனில் முடங்கின. 2017ல் ராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சாரம் யூனிட்டுக்கு 2.44 ரூபாய்க்கு ஏலம் போனது. அதற்கு முன்பே தனியார் நிலையங்களுக்குச் சீனக் கொதிகலன்கள் வரத் தொடங்கியிருந்தன. புதிய அனல்மின் ஆர்டர் சுருங்க, ஷெட்டுகளுக்கு வந்த டன்னும் சுருங்கியது. காரணங்கள் எல்லாம் வெளியே இருந்தவை என்று தொழில் சொல்வதை மறுக்க முடியாது. ஒரே வாடிக்கையாளர், ஒரே பொருள், ஒரே எரிபொருள் என்ற மூன்று முடிச்சையும் அவிழ்க்கப் பல பத்தாண்டுகள் இருந்தன என்பதையும் மறுக்க முடியாது. நல்ல ஆண்டுகளில் வந்த பணம் பெரும்பாலும் அதே வேலையை இன்னும் அதிகமாகச் செய்ய இன்னொரு ஷெட்டாகவே எழுந்தது.

இங்கே புனேயை ஒப்பிடுவது வழக்கம். அதே 1960களில், பெல்ஜியம் நாட்டு வான்சன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு சிறிய கொதிகலன்கள் செய்யத் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் தெர்மாக்ஸ் ஆனது. அது சொந்த வரைபடத்தோடும் சொந்த விற்பனைப் பிரிவோடும் வளர்ந்தது. சர்க்கரை ஆலை, துணி ஆலை, ரசாயன ஆலை என்று வாங்குவோரைப் பரப்பிக்கொண்டது. ஒப்பீடு கண்ணைத் திறக்கிறது, ஆனால் முழு நியாயம் உடையதல்ல. ஒரு நிறுவனத்தையும் ஒரு துணைத்தொழில் கூட்டத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. சொந்த வடிவமைப்பு மட்டும் காப்பாற்றிவிடும் என்பதும் சரியல்ல: திருச்சியிலேயே பிறந்து, கொதிகலனைத் தானே வடிவமைத்து, மின் நிலையத்தையே கட்டித்தரும் அளவுக்கு வளர்ந்த ஒரு நிறுவனம் 2017ல் திவால் சட்ட நடைமுறைக்குள் போனது. வரைபடம் கையில் இருந்தும் பொருளும் எரிபொருளும் பழைய முடிச்சிலேயே இருந்தன. ஆகவே குறையை ‘வடிவமைப்பு இல்லை’ என்று சுருக்குவது சோம்பலான விமர்சனம். ஆபத்தைப் பங்கிட்டு வைக்கும் பழக்கம் இல்லை என்பதே சரியான குற்றச்சாட்டு.

வாங்கும் தரப்புக்கும் இதில் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தீர்ப்பு கோணிப்போகும். தலைமுறை தலைமுறையாகத் தனக்காகவே வேலை செய்தவர்களைக் குறைந்த விலை டெண்டருக்குள் தள்ளும்போது, கூட்டாளி என்று சொல்லிக்கொண்டே வெறும் விற்பனையாளராக நடத்துகிறோம் என்பதைப் பொதுத்துறை உணரவில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் தெளிவானது: எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணம் நிற்கக் கூடாது, நின்றால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டப்படும் வட்டி. ஆனால் ஒரே வாடிக்கையாளர் மீது புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டருக்கு யாரிடம் போவது? உரிமை ஏட்டில் இருக்க, அதைப் பயன்படுத்தும் துணிவை டன் ரேட் என்றோ வாங்கிவிட்டது. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் தாமதமான தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட விடுவதில்லை. வட்டிக் கணக்கு செய்யாததை இந்த வரிக் கணக்கு ஓரளவு செய்யக்கூடும், ஏனென்றால் இதில் யாரும் புகார் எழுத வேண்டியதில்லை.

என் மதிப்பீடு இதுதான். கைவினை என்ற வகையில் திருச்சியின் தகட்டு வேலை முதல் தரம். அதற்குச் சலுகை மதிப்பெண் எதுவும் தேவையில்லை. உற்பத்தி முறை என்ற வகையில் நடுத்தரம், ஏனென்றால் தன் செலவைத் தானே அறியாத உற்பத்தி அது. வணிகம் என்ற வகையில் அது தேறவில்லை. அந்தத் தோல்வியில் பெரும்பங்கு தொழில் முனைவோருடையது, கணிசமான பங்கு வாங்கியவருடையது. காலத்தின் பங்கு, பொதுவாகச் சொல்லப்படுவதைவிடக் குறைவு.

இந்த மதிப்பீடு மாறக்கூடிய காலம் இப்போது வந்திருக்கிறது. 2031-32க்குள் 80 ஜிகாவாட் அனல்மின் திறனைச் சேர்ப்பதாக ஒன்றிய அரசு அறிவித்திருப்பதால் கொதிகலன் ஆர்டர்கள் திரும்பியிருக்கின்றன. ஷெட்டுகளில் வெளிச்சம் வருவது மகிழ்ச்சிதான், ஆனால் எனக்கு அச்சமும் அதில்தான். பழைய வேலை பழைய முறையிலேயே திரும்பினால் பழைய பாடத்தைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தளவாட வழித்தடத்தின் ஐந்து முனைகளில் திருச்சியும் ஒன்று என்று 2019ல் விழா எடுத்தபோது கிளம்பிய நம்பிக்கையையும் இதே அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்: அங்கே டன் இல்லை, பாகம் ஒன்றுக்கு விலை சொல்லத் தெரிய வேண்டும்.

ஏற்றுமதியும் அப்படியே. ஐரோப்பாவுக்குக் கட்டுமான ஸ்டீல் அனுப்ப ஈஎன் 1090 சான்று 2014 ஜூலையிலிருந்து கட்டாயம். அதன் வெல்டிங் தேவைகளைத் திருச்சி ஷெட் ஒன்று சில மாத உழைப்பில் எட்டிவிடும். கை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. கடினமானது வேறு. 2026 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கரிம எல்லை வரி நடைமுறையில் இருக்கிறது. வெல்டு செய்த கட்டுமானங்களும் அதன் பட்டியலில் உண்டு. தன் பிளேட் எந்த ஆலையிலிருந்து, எவ்வளவு கரிமச் சுமையோடு வந்தது என்று ஷெட் முதலாளி ஆவணம் காட்ட வேண்டும். ஹீட் நம்பரைத் துண்டுக்குத் துண்டு பஞ்ச் அடித்தவர்களுக்கு அந்தத் தொடர்ச்சி புதிதல்ல. ஆனால் அதற்குப் பிளேட்டைத் தானே வாங்கியிருக்க வேண்டும்.

உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு, அதற்குப் புதிய சட்டமோ மானியமோ வேண்டாம். இப்போது வரும் ஆர்டர்களின் ரேட் அட்டவணையில் டன்னுக்குப் பக்கத்தில் வெல்டு நீளம், ஃபில்லெட் அளவு என்று இரண்டு பத்திகளைச் சேர்க்கச் சொல்லி ஆன்சிலரி சங்கங்கள் கேட்கலாம். வரைபடங்கள் கணினியில் தயாராகும்போதே அந்த எண்கள் கிடைத்துவிடுகின்றன. தணிக்கைக்கும் அவை எடைச்சீட்டைப் போலவே தெளிவானவை. ஆலை உடனே ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அதுவரை ஒவ்வொரு ஷெட்டும் தன் அடுத்த பத்து வரைபடங்களுக்காவது அந்தப் பத்திகளைத் தன் நோட்டில் நிரப்பிப் பார்க்கட்டும். எந்த வேலையில் லாபம், எந்த வேலையில் நட்டம் என்று அதில் முதல்முறையாகத் தெரியவரும்.